அம்மாவுக்கும் அதே வரிசை

ஃபுளோரிடாவுக்குக் குடிவந்த பிறகு, பக்கவாதத்தால் நடக்க முடியாமல் போன அம்மாவையும் இங்கேயே அழைத்துக்கொண்டோம். பேரப்பிள்ளைகள் டிஸ்னி வேர்ல்டு கிளம்பும்போது அம்மா மட்டும் வீட்டில் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. "என்னைத் தள்ளிக்கிட்டு எதுக்குப்பா அலையறே" என்றுதான் சொன்னார். ஆனாலும் வந்தார்.

வீல்சேர் என்றால் நேராக முன்னால் விட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படி இல்லை. முன்பு ஒரு சலுகை அட்டை இருந்தது; அதைத் தவறாகப் பயன்படுத்துவோர் பெருகியதால் 2013-ல் நிறுத்திவிட்டார்கள். டிஸ்னி வேர்ல்டில் உள்ள பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் பெரும்பாலான ரைடுகளுக்குப் பொது வரிசையிலேயே வீல்சேர் போகும். எல்லோரோடும் சேர்ந்து அம்மாவும் காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஊரில் கோயிலுக்குப் போனால் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுவார்கள். நல்ல மனதோடுதான் செய்வார்கள், ஆனால் அம்மா கூசிப்போய்க் குனிந்தே இருப்பார். இங்கே முன்னால் நின்ற குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்று மற்றவர்களைப் போலவே அலுத்துக்கொண்டார்.

இதன் பின்னால் 1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. அதன் கீழான விதிகளின்படி, 2012 மார்ச் 15 முதல் புதிதாகக் கட்டும் ரைடுகளில் பொதுவாக ஒரு வீல்சேர் இடமாவது, வீல்சேரிலிருந்து மாறி உட்கார வசதியான இருக்கையாவது, அப்படி மாற உதவும் சாதனமாவது இருக்க வேண்டும். எந்த வசதி என்பதை வரிசையின் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பலகையை முதலில் படித்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

விலங்குகளைப் பார்த்துக்கொண்டே போகும் கிளிமஞ்சாரோ சஃபாரி ரைடில் வீல்சேரில் உட்கார்ந்தபடியே போகலாம். ஜங்கிள் க்ரூஸில் லிஃப்ட் வைத்த படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். பீப்பிள்மூவரில் நகரும் மேடையில் நடந்து ஏற வேண்டும் என்பதால் அம்மாவுக்கு வாய்ப்பில்லை. அது வருத்தம்தான்.

பைரேட்ஸ் ஆஃப் த கரீபியனில் படகின் இருக்கைக்கு மாற வேண்டும். ஊழியர்கள் தூக்கிவிடக் கூடாது, குடும்பத்தார்தான் உதவ வேண்டும். அதனால் பிசியோதெரபிஸ்ட்டிடம் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து அம்மாவை மாற்றி உட்கார வைக்கும் முறையைக் கேட்டுப் பழகி வருகிறோம். வீட்டு சோபாவில் சரியாக வருகிறது. படகு தாழ்வாக இருக்குமே என்று அம்மாதான் இப்போது உயரம் குறைந்த ஸ்டூலில் பழகச் சொல்கிறார்.