18 முடிந்த பிறகு ஆஃப்டர் கேர் வாங்கிய கதை

ஒருவழியாகப் பணம் ஏறிவிட்டது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயது முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஆஃப்டர் கேர் என்று தரும் மாதம் 4,000 ரூபாயைத்தான் சொல்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அடுத்து வெளியே வரப்போகும் தங்கச்சிகளுக்கு உதவும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் தலை நிமிராமலே, "18 முடிஞ்சிடுச்சில்லம்மா, இனி இங்க எதுக்கு வர்ற?" என்றார். 18 முடிந்தவர்களுக்கான உதவியைத்தானே கேட்க வந்தேன்! எனக்கு முன்னால் வெளியே வந்த அக்கா ஒருத்தி சொன்னபடி, 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் ஆஃப்டர் கேர் பற்றிய 46ஆவது பிரிவையும், அது 18 முதல் 21 வயது வரை என்று சொல்லும் 2(5)ஆவது பிரிவையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஆனால் காகிதத்தைப் பார்த்ததும் உள்ளே அனுப்பிவிட்டார். உள்ளே இருந்த மேடம் தங்கமானவர், அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை.

இல்லத்திலிருந்து விடுவித்த உத்தரவு, தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் நகல், கல்லூரி போனஃபைடு, ஆதார், பாஸ்புக் கேட்டார். பராமரிப்புத் திட்டம் இல்லத்து பீரோவில் இருந்தது, சாவி வைத்திருந்தவர் லீவில். விடுவித்த உத்தரவு, பராமரிப்புத் திட்டம் இந்த இரண்டு காகிதத்தையும் இல்லத்திலிருந்து கிளம்பும் அன்றே கையில் வாங்கிவிடுங்கள். "அப்புறம் வந்து வாங்கிக்கலாம்" என்று சொன்னால் நகராதீர்கள்.

பெரிய கூத்து வங்கியில். என் கணக்கு மைனர் கணக்கு, கார்டியன் இடத்தில் பழைய கண்காணிப்பாளர் பெயர். அவர் மாறுதலாகிப் போய்விட்டார். கவுன்டரில் இருந்தவர், "கார்டியனைக் கூட்டிட்டு வா, இல்லேன்னா அப்பாவை" என்றார். படிவத்தில் தந்தை பெயர் கட்டத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கணக்கு வைத்திருப்பவருக்கு 18 முடிந்தால் கார்டியனின் அதிகாரமும் முடிந்துவிடும். புதிதாக கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுத்து, நாமே மாதிரிக் கையெழுத்து போட்டால் போதும். "அப்படின்னா முடியாதுன்னு எழுதிக் கொடுங்க சார்" என்றேன். மேனேஜர் எழுந்து வந்தார். அப்புறம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொன்று, ஆதாரில் யாருடைய மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் வார்டனின் எண். ஓடிபி வரும்போதெல்லாம் அவருக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை வைத்தால் போதும், வேறு சான்று கேட்க மாட்டார்கள். கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். முகவரிக்குத்தான் சான்று வேண்டும். அங்கீகாரம் பெற்ற இல்லம் என்றால், ஆதாருக்கென்று உள்ள படிவத்தில் அதன் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தரலாம்.

கணக்கில் ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா, அதாவது அரசுப் பணம் வர ஆதார் எண் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்றும் வங்கியில் கேளுங்கள். வேறு கணக்கில் சீடிங் இருந்தால் பணம் அங்கே போய்விடும், நீங்கள் இங்கே பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தந்தை பெயர் கட்டத்தில் கடைசியில் ஒரு கோடு போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.