நந்தாவிளக்கும் இடையர் வேலையும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு வருவோர் இசைத்தூண்களையும் ஆஞ்சநேயரையும் கண்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பாறைமேல் உள்ள கைலாசநாதர் சந்நிதிப் பக்கத்து வட்டெழுத்துகளை நின்று பார்ப்பவர் குறைவு. இடைக்காலக் கோயில் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது நந்தாவிளக்குக் கொடை, அதாவது கோயிலில் அணையாமல் எரியும் விளக்குக்கான கொடை. கொடுத்தவரின் பெயர்தான் அவற்றில் முன்னால் நிற்கிறது என்றாலும், என் கண்ணுக்கு அவை இடையர்களின் வேலை ஒப்பந்தங்களாகவே படுகின்றன.

சுசீந்திரம் இருக்கும் நாஞ்சில் நாட்டையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த முதலாம் இராசராசன், தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வைத்தான். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நாழிக்கு நான்கு உழக்கு, மரக்காலுக்கு எட்டு நாழி, கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று பார்த்தால், ஆண்டுக்கு 11 மரக்கால் 3 நாழி 1 உழக்கு ஆகிறது; ஏறக்குறைய ஒரு கலம் நெய்! அதற்காகப் பால் கறந்து, காய்ச்சி, உறை ஊற்றி, மத்தால் கடைந்து, வெண்ணெய் எடுத்து உருக்கும் வேலை ஒரு நாளும் ஓயாது. ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டியதும் அவர் பொறுப்புத்தான்.

இதை நம் ஊரில் வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் விளங்கும். சித்திரையில் விதைத்து ஆவணியில் அறுக்கும் கன்னிப்பூவும், புரட்டாசியில் நட்டு மாசியில் அறுக்கும் கும்பப்பூவும் ஆகிய இரு நெற்போகங்களும் வயலைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கும். அன்றும் இரு போகம் விளைந்த இடங்களில், பயிர் நின்ற மாதங்களில் குளக்கரையிலும் மலையடிவாரத்திலும்தான் மந்தையை மேய்த்திருக்க முடியும். அங்கே புலிப் பயம் வேறு. அறுப்பு முடிந்த பிறகுதான் மந்தையை இரவில் வயலில் அடைத்துக் கிடை அமர்த்தலாம். உழவருக்கு எரு, இடையருக்குக் கொஞ்சம் நெல்.

நெய் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே விடை இருக்கிறது. ஆடு பெற்ற இடையரின் பெயரோடு, அவருக்குப் பிணை நின்ற உறவினர்களின் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவரால் முடியாமல் போனால் அந்த உழக்கு நெய்யை அவர்கள் அளக்க வேண்டும்.