அலோங் ஆணியும் தூங்குமூஞ்சி மரத்து அக்காவும்

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க குடியிருப்புத் தாமானுக்குப் பின்னாடி மரச்சிலை செய்யுற அண்ணன் ஒருத்தரு இருக்காரு, இப்ப அவரு பட்டறை வாசல்ல பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுற ஒரு அக்கா சிலையா நிக்குது, ஆளு உசரத்துக்கு மேல, தோள்ல கம்பு, ரெண்டு பக்கமும் வாளி. மரம் தூங்குமூஞ்சி. காத்து மழையில ரோட்டோரமா சாய்ஞ்சு கிடந்தத, துண்டு போட்டு குப்பைக்கு ஏத்துறதுக்குள்ள லோரி பேசி தூக்கிட்டு வந்துட்டாரு.

பாக்குற எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், இதை பால்மரத்துலயே செஞ்சிருக்கலாமே அண்ணே?

"மழையில வெச்சா ரெண்டு வருசம் தாங்காது தம்பி, உளுத்துடும்."

பால்மரக் கட்டையில மாவுச்சத்தும் சர்க்கரையும் ஜாஸ்தி, வெட்டின சில நாள்லயே நீலமா பூஞ்சை ஏறிடும், பின்னாடியே வண்டு. ஃபேக்டரியில பிரஷர் குடுத்து போரான் மருந்து ஏத்தி, சூடு காட்டி காய வெச்சுதான் பர்னிச்சர் பண்றாங்க, அந்த போரானும் மழைத்தண்ணியில கரைஞ்சு ஓடிடும். 25, 30 வருசம் பால் குடுத்த மரம் ஹால்ல மேசையா நாக்காலியா இருக்கலாம், வெளிய நிக்க முடியாது. உசுரோட இருக்குற வரைக்கும் கதை வேற, பக்கத்துல கோலகங்சார்ல 1877ல நட்ட மரத்துல ஒண்ணு இன்னும் நிக்குதே.

தூங்குமூஞ்சியை பச்சையாவே செதுக்கலாம், காயும்போது ரொம்ப சுருங்காது, முறுக்காது. ஓரத்து வெள்ளைக் கட்டையை சீவி எறிஞ்சுட்டு நடுவுல இருக்குற வைரக் கட்டையை மட்டும் வெச்சுக்குவாரு. தலைவலி ஆணிதான், ரோட்டோர மரம்னா அலோங், அதாவது லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடுறவங்க, விளம்பரப் பலகை அடிக்காத மரம் எங்க இருக்கு, பலகை விழுந்தாலும் ஆணி உள்ளயே இருக்கும், மேல பட்டை மூடிடும், செயின்சா பட்டுச்சுன்னா செயின் போச்சு. மெட்டல் டிடெக்டர் வெச்சு தடவிட்டுதான் மெஷினையே எடுப்பாரு. ஆணி இருந்த இடத்துல கட்டை கருநீலமா கறை புடிச்சிருக்கும், அக்கா கன்னத்துல அப்படி ஒண்ணு இருக்கு, விட்டுட்டாரு. எனக்கு அதுதான் புடிச்சிருக்கு.

அந்த வாளியை குனிஞ்சு பாருங்க. அடியில விரல் நுழையுற ஓட்டை. தண்ணி நின்னா கட்டை அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டை போடும், ஹெல்த் ஆபீஸ்ல இருந்து வந்து சம்மன் எழுதுனா சிலையா போய் கட்டும்? காலும் சிமெண்டை தொடாது, இரும்புத் தட்டு மேல ஒரு இஞ்ச் தூக்கி நிக்குது, அடியில காத்து போவும்.

வார்னிஷ் அடிச்சு பளபளன்னு வைங்கன்னு கோயில் கமிட்டி ஆளுங்க சொல்லிட்டே இருக்காங்க. வெயில்ல வார்னிஷ் வெடிக்கும், வெடிப்புல தண்ணி இறங்கி வெளிய வர வழியில்லாம உள்ளயே கட்டையை அழுக வைக்கும், அதனால இவரு எண்ணெய் மட்டும்தான் தேய்ப்பாரு, நிறம் சாம்பலா மாறுனா மாறட்டும்ங்கிறாரு. நானும் அண்ணன் கட்சிதான், ஆனா காசு குடுக்கப் போறது கமிட்டி, பேச்சு இன்னும் முடியல.