கம்பெனிப் பெயர் இல்லாமல் ரேட் சொல்வது

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் CAD பிரிவில் (துணி வெட்டுவதற்கான அளவு வடிவங்களைக் கம்ப்யூட்டரில் போடுகிற இடம்) பல வருஷம் பேட்டர்ன் போட்டுவிட்டு, வேலையை விட்டு வீட்டிலேயே சிஸ்டம் வைத்துத் தனியாக ஆரம்பித்தபோது, வேலை எனக்குப் பயமாக இல்லை. போனில் பேசுவதுதான் பயமாக இருந்தது. "இன்ன கம்பெனி சாம்ப்ளிங்கிலிருந்து பேசறேங்க" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு வெறும் பெயரை மட்டும் சொல்வது என்னவோ போல இருக்கும். எதிர்முனையில் உடனே "எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே குரல் இறங்கிவிடும், அதற்கப்புறம் நான் சொல்லும் ரேட்டும் கூடவே இறங்கிவிடும்.

தைரியமாக இரு, உன்னால் முடியும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அன்பாகச் சொன்னதுதான், ஆனால் அந்தத் தைரியம் அடுத்த போன் வரும் வரைக்கும்தான் தாங்கியது. எனக்கு உண்மையில் உதவியது இந்த ஊர் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தது.

ஒரு டி-ஷர்ட் நூலாக இருந்து பெட்டிக்குள் போகிற வரைக்கும் இங்கே எத்தனை கை மாறுகிறது பாருங்கள். நிட்டிங் ஒருத்தர், சாயம் ஒருத்தர், துணி பிறகு சுருங்காமல் அழுத்திக் கொடுக்கிற காம்பேக்டிங் ஒருத்தர், பிரிண்டிங், எம்பிராய்டரி, சில சமயம் செக்கிங்கும் அயர்னும் கூட வெளியேதான். எல்லாம் ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் சரக்குக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கிற வேலை. நிட்டிங்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்பார், எம்பிராய்டரிக்காரர் ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு என்பார், பிரிண்டிங்காரர் எத்தனை கலர் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அவர்களில் யாரும் நமக்கு இந்தத் தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பதாக எனக்குத் தெரியவில்லை. மிஷின் இருக்கிறது, கை இருக்கிறது, ரேட் இருக்கிறது. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையிலும் பல்லடம் தறிக் குடோனிலும் கூலி இப்படித்தான் பேசப்படுகிறது. ஃப்ரீலான்சர் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் மட்டும் ஏதோ புதிதாக, தனியாக நிற்பதாக நினைத்தது தேவையில்லாத பாரம் என்று பட்டது. நானும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்தான். ஒரு ஸ்டைலின் பேட்டர்னுக்கு இவ்வளவு, அதை மற்ற சைஸ்களுக்கு மாற்றுகிற கிரேடிங் என்றால் சைஸுக்கு இவ்வளவு, பாகங்களைத் துணியில் வெட்டுவதற்கு அடுக்கிக் காட்டுகிற மார்க்கர் தனி. ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். போனில் பேசும்போது அதைப் பார்த்து வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் ரேட்டை வாசித்துவிட்டால் மட்டும் போதாது. அந்த ரேட் ஏன் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மனசு நிஜமாகவே திடமானது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான். பனியன் துணி ஆர்டரில் செலவின் பெரும்பகுதி துணிதான். ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி, 50,000 பீஸ் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 10,000 கிலோ. மார்க்கர் எஃபிஷியன்சி, அதாவது வேஸ்ட் போக உடுப்புக்குப் பயன்படுகிற துணியின் பங்கு, 82 சதவீதத்தில் இருப்பதை, பாகங்களைத் திருப்பி அடுக்கி, சைஸ்களை மாற்றிச் சேர்த்து 84-க்குக் கொண்டுவந்தால் மிச்சமாவது ஏறக்குறைய 240 கிலோ. சாயம் போட்ட துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சத்தைத் தொடுகிற பணம், கட்டிங் டேபிளுக்குக் கீழே வேஸ்ட்டாக விழாமல் முதலாளி கையில் நிற்கிறது. கம்பெனியில் இருந்தபோதும் இதைத்தான் செய்தேன். அப்போது அது மாதச் சம்பளத்துக்குள் கரைந்துபோன வேலை, யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு மார்க்கருக்கும் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். மனசு சோர்ந்துபோகிற நாளில் அந்த நோட்டைத்தான் எடுத்துப் புரட்டுவேன்.

இன்னொன்று, கேள்வி கேட்பது. ஷ்ரிங்கேஜ் (துணி சுருங்குவது) எவ்வளவு, காம்பேக்டிங் முடிந்து கிடைக்கிற அகலம் எவ்வளவு, விரித்த ஓப்பன் விட்த்தா குழாய் மாதிரி டியூபுலரா, ஆர்டருக்கான பல்க் துணியில் வாஷ் டெஸ்ட் போட்டாச்சா? இதெல்லாம் கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் தனியாக வருகிற எல்லோருக்கும் இருக்கும். நான் பார்த்த வரைக்கும் நடப்பது நேர் எதிர். பல வருஷம் கட்டிங் பார்த்த மாஸ்டர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். சாம்பிள் துணியும் பல்க் துணியும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்று அந்த இடத்தில் புரிந்துபோகிறது. அதற்கப்புறம் "எந்தக் கம்பெனி" என்ற கேள்வி வருவதில்லை.

பேரம் வேறு விஷயம். நம் பக்கத்தில் யாரும் முகத்தில் அடித்த மாதிரி பேசுவதில்லை. "பாத்துப் போடுங்க அம்மிணி, அடுத்த ஆர்டர்ல சேத்துக்கலாமுங்" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்பார்கள், அப்பா வயதில் இருப்பார்கள், காபி வேறு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். எப்படி மறுப்பது? எனக்கு இன்றைக்கும் இது கஷ்டம்தான். நான் பிடித்துக்கொண்ட வழி, தொகையைத் தொடாமல் வேலையைக் குறைப்பது. "சரிங்கண்ணா, அந்த விலைக்கு பேட்டர்னும் கிரேடிங்கும் பண்ணித் தர்றேன், மார்க்கரை உங்க கட்டிங்கிலேயே போட்டுக்குங்க" என்பேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே முழு ரேட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் குறைத்த வேலையோடு போகிறார்கள், அதிலும் எனக்கு நஷ்டமில்லை. மரியாதையும் கெடுவதில்லை.

பணம் வசூலிப்பதில்தான் தனியாள் ரொம்பச் சுருங்கிப்போகிறோம். அடிக்கடி போன் போட்டுக் கேட்டால் பிச்சை கேட்பது போல ஆகிவிடுகிறது. இதில் எனக்குக் கைகொடுத்தது உத்யம், அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆன்லைனில் இலவசம், பேட்டர்ன் வேலை சேவைத் தொழில் என்பதால் என்னைப் போன்ற தனியாளும் செய்துகொள்ளலாம். 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரியிலும் இதைச் சேர்த்துவிட்டார்கள். குறு, சிறு தொழிலுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் நெருங்கினால் கம்பெனி அக்கவுண்ட்ஸிலிருந்தே "உங்களுக்கு உத்யம் இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். நான் யாரையும் சட்டம் சொல்லி மிரட்டியதில்லை, மிரட்டவும் மாட்டேன், நாளைக்கும் இதே ரோட்டில்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பில்லின் மேலே உத்யம் எண்ணும், கீழே எத்தனை நாளில் பணம் என்பதும் அச்சாகி இருந்தால், கேட்கும்போது எனக்கே குரல் நேராக வருகிறது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த நாட்டு பையர்களுக்கு (சரக்கு வாங்குகிற கம்பெனிகளுக்கு) செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து எனக்கு வந்த சாம்பிள் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. போன் அடிக்காத வாரங்களில் முதலில் வருகிற நினைப்பு, நம் வேலை சரியில்லை போல என்பதுதான். தனியாக உட்கார்ந்திருப்பதில் இருக்கிற பெரிய ஆபத்து இது. கம்பெனியில் என்றால் ஆர்டர் குறைந்ததைப் பத்துப் பேர் கேண்டீனில் பேசி ஆற்றிக்கொள்வோம், வீட்டில் எல்லாம் நம் தலையில் வந்து உட்காருகிறது. அந்தச் சமயத்தில் எம்பிராய்டரி அண்ணாவிடமும் பிரிண்டிங் அக்காவிடமும் பேசினேன், அவர்கள் மிஷினும் நின்றிருந்தது. 2011-இல் கோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது தன் வேலையில் ஒரு குறையும் இல்லாதவர்கள்கூட சும்மா உட்கார்ந்திருந்ததை அந்த அண்ணா சொன்னார். வேலை வராததற்கும் வேலை தெரியாததற்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்குத்தான் மனசில் பதிந்தது. அந்த இடைவெளியில் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டைக்குச் செய்கிற உள்ளூர் பிராண்டுகளிடம் போய்ப் பேசினேன், இப்போது என் வேலையில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

பெருந்துறையிலிருந்து ஒரு பெண், இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறாள், அடுத்த வருஷம் தனியாக வரலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆறு மாதச் செலவைச் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், கம்பெனி ஃபைல் ஒன்றையும் வெளியே எடுத்து வராதே, பழைய டி-ஷர்ட்டுகளை அளந்து சொந்தமாக நாலைந்து பேட்டர்ன் போட்டு வை என்றும் சொன்னேன். நன்றாகத் தைப்பவள், அதனால் சாம்பிள் தையலையும் சேர்த்து அவளுக்கு ஒரு ரேட் கார்டு போடலாம் என்று நினைக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன் என்றிருக்கிறாள், ஒரு நோட்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.