கையூன்றாமல் எழும்ப வேண்டும்

போன வருடம் வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்தி, அம்மனைக் குளிர்விக்கிற வருடாந்தச் சடங்கு. இராமுழுக்க மணலில் பாய் விரித்து இருந்தோம். விடியப்புறம் எல்லாம் முடிந்து சனங்கள் எழும்பியபோது என்னால் எழும்ப முடியவில்லை. வலி ஒன்றும் இல்லை. கால் சொன்னபடி கேட்கவில்லை, அவ்வளவுதான். இடது கையை ஊன்றினேன், வலது கையை ஊன்றினேன், முழங்காலில் நின்று பார்த்தேன். கடைசியில் பக்கத்தில் இருந்த பெரியம்மா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "என்னகா, இந்த வயசிலயா?" என்று கேட்டார்.

பெரியம்மாவுக்கு 78. எனக்கு அப்போது 60. கையூன்றாமல் எழும்பி, மணலைத் தட்டி, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

அன்றைக்கு என் அலுமாரியில் ஆறு போத்தல்கள் இருந்தன. எல்லாம் கனடாவில் இருந்து தங்கச்சி அனுப்பியவை. மீனெண்ணெய்க் குளிசை, கொலாஜன் தூள், விற்றமின் ஈ, மஞ்சள் குளிசை, திராட்சைத் தோலில் இருந்து எடுக்கிறதாம் என்று ஒன்று, இன்னும் "ஒட்சியேற்ற எதிரி" என்று எல்லாவற்றையும் கலந்த பெரிய குளிசை ஒன்று. "அக்கா, இதை விடாமல் எடுங்க, வயசு ஏறாது" என்பாள். அவளுடைய அன்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடம் விடாமல் எடுத்தேன். ஓய்வு பெறும்வரை முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் கதிரையில் இருந்தவள் நான். வீட்டுக்கு வந்தும் கதிரைதான்.

அந்தக் குளிர்த்தி மனதை விட்டுப் போகவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் தாதி. அவளிடம் சொன்னபோது, நிலத்தில் இருந்து எழும்புவதை வைத்தே ஒரு பரிசோதனை இருக்கிறது என்றாள். பிரேசிலில் கிளோடியோ கில் அராவுஜோ என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை நிலத்தில் இருந்து எழும்பச் சொல்லிப் பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். நிலத்தில் உட்காருவதற்கு 5 புள்ளி, எழும்புவதற்கு 5 புள்ளி. கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி குறையும். தள்ளாடினால் அரைப் புள்ளி. அதன் பிறகு ஆறு வருடத்துக்கு மேல் அவர்களைக் கவனித்தார்கள். 3 புள்ளியும் அதற்குக் குறைவும் எடுத்தவர்கள், 8உம் அதற்கு மேலும் எடுத்தவர்களை விட ஐந்தாறு மடங்கு கூடுதலாக இறந்திருந்தார்கள். நிலத்தில் இருந்து எழும்பினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. காலின் பலம், உடம்பின் சமநிலை, மூட்டின் நெளிவு, பாரம் எல்லாம் அந்த ஒரு அசைவில் சேர்ந்து தெரிந்துவிடுகின்றன. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

வீட்டில் பாய் விரித்து, மகள் பக்கத்தில் நிற்கச் செய்து பார்த்தேன். 10க்கு நாலரை. (முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் தனியாக இதைச் செய்ய வேண்டாம். பிடிக்க ஒரு ஆள் நிற்க வேண்டும்.)

எங்கே போனது என் கால் பலம் என்று யோசித்தேன். சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் கட்டிய வீட்டில் எல்லாமே இடுப்பு உயரம். குசினி மேசை, கேஸ் அடுப்பு, மிக்சி, உடுப்புத் தோய்க்கிற மெசின், கட்டில், கதிரை. அம்மாவின் காலத்தில் அம்மி நிலத்தில் இருந்தது, திருவலை நிலத்தில் இருந்தது, அடுப்பு நிலத்தில் இருந்தது, சாப்பிட்டதும் நிலத்தில். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை குந்தி எழும்பியிருப்பார். எனக்கோ இருபது வருடமாக நிலத்துக்குப் போக ஒரு காரணமும் இருக்கவில்லை. பெரியம்மா வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இன்னும் அம்மாவின் காலத்தைப் போலத்தான் வாழ்கிறார். பழைய வாழ்க்கையைப் புகழ இதை எழுதவில்லை. தண்ணீர் சுமந்து சுமந்து அவருடைய முதுகு வளைந்துவிட்டது. கருவாடும் உப்பும் கூடி பிறசருக்குக் குளிசை எடுக்கிறார். ஆனால் அந்தக் கால்கள் இன்னும் அவருடையவை.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு, தசை பத்து வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டு வீதம் வரை குறைந்துகொண்டு போகிறது. அறுபது தாண்டினால் இன்னும் வேகம். முகத்தில் சுருக்கம் விழுந்தால் கண்ணாடி சொல்லும். தொடையில் தசை கரைவதை ஒருவரும் சொல்வதில்லை, ஒரு நாள் மணலில் மாட்டிக்கொள்ளும்வரை. சீனி வருத்தம் உள்ள எனக்கு இது இன்னும் முக்கியம். சாப்பாட்டில் இருந்து வருகிற சீனியை உள்ளே இழுத்துக்கொள்கிற பெரிய இடம் தசைதான். தசை குறைந்தால் சீனிக்குப் போக இடமும் குறையும்.

எனக்கு நம்பிக்கை தந்தது ஒரு பழைய ஆய்வு. 1990இல் அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தில், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. தொண்ணூறில் கூடுமென்றால் அறுபதில் ஏன் கூடாது?

ஜிம்முக்கெல்லாம் போகவில்லை. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி, மறுபடி உட்காருவது, பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று முறை. முதல் கிழமை கதிரையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தினேன். பிறகு ஒன்று, பிறகு இல்லை. அதற்குப் பிறகு சின்ன வாங்கு. சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது. ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறாந்தையில் நடப்பது. தேங்காயை மறுபடி நிலத்தில் இருந்து திருவுகிறேன். திருவலை மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது, அதை இறக்கிய நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

காலையில் ஐந்தரைக்கு நடை. வெயில் ஏறினால் மட்டக்களப்பில் நடக்க ஏலாது. கல்லடியின் பழைய இரும்புப் பாலத்துக்குப் போய், வாவியில் தோணிகள் கரைக்கு வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். 1924இல் திறந்த பாலம். நூறு வயது கடந்தும் கம்பீரமாக நிற்கிறது. போன் பத்தாயிரம் அடி நட என்று சொல்லும். அவ்வளவு வேண்டியதில்லை. சராசரியாக 72 வயதான 16,741 பெண்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களில் மரணம் 41 வீதம் குறைவு. 7,500ஐத் தாண்டியபின் மேலதிகப் பயன் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு ஆறாயிரம் வருகிறது, போதும். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் பத்து நிமிடம் நடப்பதையும் சேர்த்துத்தான். அந்தப் பத்து நிமிடம் என் சீனியைக் குறைப்பதைக் கருவியில் நானே பார்த்திருக்கிறேன்.

சரி, போத்தல்களுக்கு வருகிறேன்.

அந்தக் கலவைக் குளிசையைத்தான் முதலில் நிறுத்தினேன். நான் மட்டுமல்ல, என் கணவரும் அதை எடுத்துக்கொண்டிருந்தார். இவர் சிகரெட் குடிப்பவர். லேபிளில் பீட்டா கரோட்டின் என்று இருந்தது, கரட்டுக்கும் பூசணிக்கும் நிறம் தருகிற சத்து. பின்லாந்தில் சிகரெட் குடிக்கும் 29,133 ஆண்களுக்கு விற்றமின் ஈயும் பீட்டா கரோட்டினும் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்றுதான் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரண்டு வருடமாக நானே எடுத்து நீட்டிய குளிசை அல்லவா? கரட்டும் பூசணியும் சாப்பிடுவதில் பயமில்லை, குளிசையில் வருகிற அளவுதான் வேறு. விற்றமின் ஈயையும் இவருக்கு நிறுத்திவிட்டேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கு மேற்பட்ட ஆண்களில் செய்த இன்னொரு ஆய்வில், நாளைக்கு 400 அலகு விற்றமின் ஈ எடுத்தவர்களுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் கூடியதை 2011இல் கண்டார்கள். சிகரெட் பத்தில் இருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. மூன்றும் இல்லாமல் போக வேண்டும், அதற்காகத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மீனெண்ணெய் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். சுவிற்சர்லாந்தில் எழுபது தாண்டிய 777 பேரின் இரத்தத்தில், மரபணு மேல் விழும் வேதியியல் அடையாளங்களை வைத்து உடம்பின் வயதை அளந்தார்கள். நாளைக்கு ஒரு கிராம் ஒமேகா 3 எடுத்தவர்களில் மூன்று வருடத்தில் வயது ஏறுவது மூன்று மாதமளவு பின்தங்கியிருந்தது. விற்றமின் டியும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோது ஒரு அளவீட்டில் பலன் கொஞ்சம் கூடியது. 2025இல் வந்த செய்தி. மூன்று வருடத்துக்கு மூன்று மாதம். பொய் இல்லை, பெரிதும் இல்லை. ஆனால் அதே ஒமேகா 3, காலையில் சைக்கிளில் மீன் பெட்டியோடு வருகிறவரிடம் கீரி மீனாகவும் சூடை மீனாகவும் இருக்கிறது. அதோடு புரதமும், முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும். கிழமைக்கு மூன்று நாள் வாங்குகிறேன். பொரிப்பதில்லை, புளி விட்டுக் குழம்பு. மீன் கிடைக்காத ஊரில் இருக்கிற தங்கச்சி குளிசை எடுக்கட்டும்.

கொலாஜன் தூளும் வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலத்தான் உடைந்து போகிறது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்த ஒன்று அந்த ஆறு போத்தலிலும் இருக்கவில்லை. பாதம் விறைத்துக்கொண்டே இருந்தது. சீனியால்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். கிளினிக்கில் டொக்டர், "எத்தனை வருடமாக மெட்போமின் எடுக்கிறீங்க?" என்று கேட்டார். சீனிக்கு நான் எடுக்கிற குளிசை அது. ஒன்பது வருடம். இரத்தத்தில் விற்றமின் பி12 பார்க்கச் சொன்னார், நன்றாகக் குறைந்திருந்தது. மெட்போமின் நீண்ட காலம் எடுத்தால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையும். வயது போகப் போக வயிற்று அமிலம் குறைவதாலும் அதே கதைதான். முதலில் ஊசி, இப்போது குளிசை. விறைப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் செருப்புக் கழன்றால் இப்போது காலுக்குத் தெரிகிறது. மெட்போமின் எடுக்கிற எத்தனையோ பேர் நம் ஊரில் இருக்கிறார்கள். விறைப்பும் களைப்பும் மறதியும் இருந்தால் ஒருமுறை பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்போமினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சாப்பாட்டில் நான் மாற்றியது ஒன்றுதான், கோப்பையின் பங்கீடு. எங்கள் கோப்பையில் சோறு மலை, கறி அதன் அடிவாரம். வயதானவர்கள் உடல் நிறையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் எடுப்பது நல்லது என்கிறார்கள். 58 கிலோ உள்ள எனக்கு 58 முதல் 70 கிராம். ஒரு நாள் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோறு, சொதி, கீரை, ஒரு துண்டு மீன், இரவு இடியப்பம். நாற்பதைத் தொடவில்லை. இப்போது காலையில் அவித்த கௌபி அல்லது பயறு, கூட ஒரு முட்டை. மத்தியானம் மீன் இரண்டு பங்கு, சோறு பாதி. இரவில் பருப்பு, கொஞ்சம் எருமைத் தயிர், சீனியும் பாணியும் போடாமல். தயிரோடு பாணி இல்லாமல் இருப்பது எனக்கு லேசாக இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இந்த வைகாசியில் மறுபடி குளிர்த்தி. அதே மணல், அதே பெரியம்மா. விடியப்புறம் எழும்பும்போது ஒரு கையும் ஒரு முழங்காலும் ஊன்றினேன். ஒருவரும் தூக்கிவிடவில்லை. உட்காரும்போது ஊன்றிய ஒரு கையையும் கழித்தால் 7 புள்ளி. பெரியம்மா பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. தன் பாயை என்னிடம் தந்து, "இதையும் சுருட்டு மகள்" என்றார்.

தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் மனம் நொந்தாள். பிறகு போத்தல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். போன ஞாயிறு போனைச் செற்றியில் சாத்தி வைத்துவிட்டு, அவளுடைய வீட்டுக் கம்பளத்தில் போய் நின்றாள். ஐம்பத்தைந்து வயது, பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்த கால்கள். மெல்லக் குந்தி, ஒரு கையூன்றி நிலத்தில் இருந்தாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எழும்பப்போறன். சரியா எண்ணுங்க."