பேதுரு பேராலயம்: ரோம் நாட்குறிப்பு

மார்ச் 3

பேதுரு பேராலயம் காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. டிக்கெட் கிடையாது, பாதுகாப்புச் சோதனை மட்டும்தான். ஆனால் பொழுது ஏற ஏற அந்தச் சோதனைக்கான வரிசையே சதுக்கத்தை வளைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டதால், இருட்டு விலகும்போதே போய் நின்றுவிட்டோம். அக்கா கையில் ஜெபமாலை, என் கையில் சிறிய தொலைநோக்கி.

உள்ளே நுழைந்ததும், "சொன்ன அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லையே!" என்றாள் அக்கா. இந்தக் கட்டடத்தின் சூழ்ச்சியே அதுதான். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கியிருப்பதால் அளவு பிடிபடுவதில்லை. முதல் தூணருகே தீர்த்தத் தொட்டியைத் தாங்கி நிற்கும் குழந்தைச் சம்மனசுகள் (தேவதூதர் சிலைகள்), தூரத்தில் கைக்குழந்தைகளாகத்தான் தெரிந்தன. தீர்த்தம் தொட அக்கா பக்கத்தில் போனபோது, 'குழந்தை' அவளைவிட உயரம். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். சற்று நேரம் பேச்சே இல்லை.

1506இல் கட்டடக் கலைஞர் பிரமாந்தே தொடங்கிய ஆலயம் இது. மைக்கலாஞ்சலோ குவிமாடத்தை வடிவமைத்தார், முடிந்ததைப் பார்க்க உயிரோடு இல்லை. மதெர்னோ நடுக்கூடத்தை நீட்டினார். 1626இல்தான் அர்ச்சிப்பு, அதாவது புனிதப்படுத்தும் சடங்கு. உலகின் மற்றப் பெரிய ஆலயங்கள் இதற்குள் எதுவரை நீளும் என்று தரையில் பித்தளை எழுத்துகளால் குறித்துவைத்திருக்கிறார்கள். சாமி கும்பிடும் இடத்தில் இந்த வீம்பு எதற்கோ!

வலப்புறம் முதல் சிற்றாலயத்தில், மடியில் மகனைக் கிடத்திய மாதா: மைக்கலாஞ்சலோவின் 'பியெத்தா' சிலை. 1972இல் ஒருவன் சுத்தியலால் தாக்கியதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறாள். முன்னால் உயர்ந்த கைப்பேசிகளின் காடு. தொலைநோக்கி இங்கேதான் பயன்பட்டது. மாதாவின் வலது கை மகனின் அக்குளுக்கு அடியில் தாங்குகிறது. விரல்களுக்கிடையே சதை பிதுங்கி நிற்கிறது. கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு துணி மடிப்பு. அவள் விரல் அவன் தோலைத் தொடவில்லை. இருபத்து நான்கு வயதுக்காரன் இதை யோசித்திருக்கிறான்! மார்புக் கச்சையில் தன் பெயரையும் வெட்டியிருக்கிறான். வேறு எந்தச் சிலையிலும் அவன் கையெழுத்திடவில்லை.

மார்ச் 4

இன்று பீடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலே இருக்கும் ஓவியங்களில் ஏறக்குறைய எதுவுமே ஓவியமல்ல, மொசைக். ஆலயத்தின் ஈரத்தில் எண்ணெய் ஓவியங்கள் கெட்டுப்போனதால், ஒவ்வொன்றாகக் கண்ணாடிச் சில்லுகளில் பிரதியெடுத்தார்கள். ரஃபேலின் 'உருமாற்ற'த்துக்கு 1759 முதல் 1767 வரை பிடித்தது. நேர் எதிரே நின்றால் தூரிகை வேலை என்று சத்தியம் செய்யலாம். பக்கவாட்டில் நகர்ந்தால் வெளிச்சம் சில்லுகளில் பட்டுச் சிதறுகிறது, குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

பெர்னினியின் வெண்கல விதானம் ஏறக்குறைய 29 மீட்டர். முறுக்கிய தூண்களில் பார்பரீனி குடும்பத்தின் தேனீக்கள் ஊர்கின்றன; கட்டச் சொன்ன பாப்பரசர் 8ஆம் உர்பானின் குலச்சின்னம். பிரமாண்டம்தான், மனதில் ஒட்டவில்லை.

ஒட்டியது பாப்பரசர் 7ஆம் அலெக்சாந்தரின் கல்லறை. வேலை முடிந்தபோது பெர்னினிக்கு ஏறக்குறைய எண்பது வயது. சின்னம் எழுப்ப வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு கதவு இருந்தது. வேறொருவர் என்றால் அதை மறைக்கப் பார்த்திருப்பார். இவர் அதையே சாவின் வாசலாக்கிவிட்டார். செந்நிற ஜாஸ்பர் கல்லில் ஒரு மாபெரும் போர்வை, உதறிப் போட்ட ஈரத்துணி மாதிரி சரிகிறது. அதற்கடியிலிருந்து வெண்கல எலும்புக்கூடு ஒன்று எழுந்து மணற்கடிகாரத்தை நீட்டுகிறது. மண்டையோடு துணிக்குள்ளேயே இருக்கிறது, முகம் காட்டவில்லை. மேலே பாப்பரசர் முழந்தாளிட்டபடி ஜெபத்தில் இருக்கிறார். அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கல்லின் மடிப்பு விளிம்பு தாள்போல் மெலிந்து, உள்பக்கம் இருண்டு கிடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உண்மையின் உருவமாக ஒரு பெண் நிற்கிறாள். ஆடையின்றிச் செதுக்கப்பட்டவளுக்கு பாப்பரசர் 11ஆம் இன்னொசெந்து காலத்தில் உலோக ஆடை மாட்டி வெள்ளை பூசினார்கள். "உண்மைக்கே உடை உடுத்திவிட்டார்கள், பார்த்தாயா அக்கா?" என்றேன். "கோயிலுக்குள் பேசுகிற பேச்சா இது?" என்று அதட்டினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மார்ச் 5

மழை. அக்காவுக்கு முழங்கால் வலி. எங்கும் போகவில்லை.

மார்ச் 6

வத்திக்கான் ஓவியக்கூடத்தில் 'உருமாற்ற'த்தின் அசல். 1520இல் ரஃபேல் இறந்தபோது கடைசியாக வரைந்துகொண்டிருந்த படம். நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குப் போய்த் திரும்பியது. மேலே ஒளியில் மிதக்கும் கிறிஸ்து, கீழே தீய ஆவி பிடித்த சிறுவனும் செய்வதறியாத சீடர்களும். சிறுவனின் கண்கள் செருகிய விதத்தை மொசைக்கில் கவனித்திருக்கவில்லை. இங்கே முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. மொசைக்கில் இருட்டும் மினுங்குகிறது, மரப்பலகையில் இருட்டு இருட்டாகவே இருக்கிறது. கீழ்ப்பாதிக்கு அந்த இருட்டு வேண்டும். என் ஓட்டு அசலுக்கே.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அங்கே முழந்தாளிட்டு வேண்டிக்கொள்ளலாம். இங்கே நின்று பார்க்கத்தானே முடிகிறது?" என்றாள்.