மருமகன் கேட்ட வீதக் கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, களுவாஞ்சிகுடியிலிருந்து அக்காவின் மகன் மட்டக்களப்பு கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் முடித்தவன். இரண்டு ஆண்டுகளாக, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் குடிநீர்க் குழாய் பதிக்கும் ஒப்பந்தகாரர் ஒருவரிடம் தளப் பொறியியலாளராக இருக்கிறான். கொப்பித் தாள் ஒன்றில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானித்த தன் உயர்தர இஸட் புள்ளி, பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளி, வணிகக் கல்லூரி அனுமதிக்கான ஜீமெட்டின் மாதிரிப் பரீட்சையில் எடுத்த 595 ஆகியவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்திருந்தான். வெளிநாட்டு வணிகக் கல்லூரியொன்றில் எம்.பி.ஏ. (வணிக நிர்வாக முதுமாணி) படிக்க அவனுக்கு ஆசை. தேநீர் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டான்: "மாமா, ஹார்வர்ட், இன்சியாட் மாதிரி இடங்களுக்கு எனக்கு எத்தனை வீதம் வாய்ப்பு இருக்கு?"

நானும் அவனுடைய வயதில் இதையேதான் கேட்டுத் திரிந்தேன். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தக் கடைசிப் பட்டியலில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. ஆகவே எங்கள் பிள்ளைகள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் கற்றுக்கொள்ளும் முதற்பாடம், ஒரு வெட்டுப்புள்ளி இருக்கிறது, அதற்கு மேலே போனால் உள்ளே, கீழே போனால் வெளியே என்பதாகும். தசமத்தின் நான்காம் இடத்தில் பொறியியலை இழந்தவர்கள் எல்லாக் கிராமத்திலும் இருக்கிறார்கள். அப்படி வளர்ந்தவனிடம், வெட்டுப்புள்ளியே இல்லாத ஓர் அனுமதி முறையை விளக்குவது சிரமம்.

எண்களைக் கேட்டவனுக்கு முதலில் எண்களையே சொன்னேன். ஹார்வர்டின் எம்.பி.ஏ. வகுப்பில் ஏறக்குறைய 930 இடங்கள். அண்மை ஆண்டுகளில் அவற்றுக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஸ்டான்போர்டின் வகுப்பு அதன் பாதியளவுகூட இல்லை. வாசல் இன்னும் ஒடுக்கம். ஆனால் பத்தில் ஒருவர் என்ற இந்தக் கணக்கை எடுத்து ஒரு தனி மனிதனின் நெற்றியில் ஒட்ட முடியாது. வகுப்பு என்பது புள்ளி வரிசையில் மேலிருந்து கீழாக நிரப்பப்படுவதில்லை. இராணுவத்தில் இருந்தவர், வங்கியாளர், வைத்தியர், ஆசிரியர் என்று கலந்து சேர்க்கப்படுகிறது. பொறியியலாளருக்கு இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பெரிய வணிகக் கல்லூரிகளின் வகுப்புகளில் பொறியியல் பட்டதாரிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கிறார்கள். ஹார்வர்டில் அவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். கணிதம் தெரிந்த ஆண் பொறியியலாளர்கள் தென்னாசியாவிலிருந்து வண்டி வண்டியாக விண்ணப்பிக்கிறார்கள். சிறிய நாட்டிலிருந்து வருகிறோம், அதனால் தனித்துத் தெரிவோம் என்று நம்மவர்கள் சிலர் நம்புகிறார்கள். ஓரளவுக்கு மேல் அதை நான் நம்புவதில்லை.

ஜீமெட் பற்றி நீட்டத் தேவையில்லை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 64 கேள்விகள். புள்ளி 205 முதல் 805 வரை, எல்லாப் புள்ளிகளும் ஐந்தில் முடியும். பழைய வடிவத்தின் 700ஐ எட்டுபவர் புதியதில் சுமார் 645ஐ எட்டுவார் என்பதால், பழைய புள்ளிகளை வைத்துக்கொண்டு பயமுறுத்தும் அண்ணன்மாரின் பேச்சைக் கேட்கக்கூடாது. கணிதப் பகுதியில் இருப்பவை எண்கணிதமும் அட்சரகணிதமும்தான்; கேத்திரகணிதத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். இணைந்த கணிதம் படித்தவன் அங்கே அறிவில்லாமல் தோற்பதில்லை. கணிப்பான் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டியதை முழுமையாக நிறுவ முயன்றே தோற்கிறான். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்த எங்களுக்கு உண்மையான மலை வாசிப்பும் தர்க்கமும் கலந்த ஆங்கிலப் பகுதிதான். 595ஐ 655 ஆக்குவதற்கு அவனுக்கு எட்டு மாதம் வேண்டும் என்பது என் கணிப்பு. புள்ளி ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாகும் என்பதால் இப்போதே எழுதி வைப்பது நல்லது என்றேன்.

அவனுடைய கொப்பித் தாளில் இல்லாத விடயங்களில்தான் நாங்கள் அன்று மாலை முழுவதையும் செலவிட்டோம். "வேலையில நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன். இத்தனை கிலோமீற்றர் குழாய், இத்தனை விட்டம், இத்தனை இணைப்பு என்று ஒப்புவித்தான். எல்லா வாக்கியமும் "செய்யப்பட்டது", "நிறைவேற்றப்பட்டது" என்றே முடிந்தது. முன்னேற்ற அறிக்கை எழுதிப் பழகிய நாக்கு அப்படித்தான் பேசும். பிறகு, சாப்பிடும்போது, வேறு ஏதோ பேச்சில் ஒரு கதை தற்செயலாக வெளியே வந்தது. குழாய்ப் பாதை ஒரு வயற்கண்டத்தின் வரம்போரமாகப் போக வேண்டியிருந்ததாம். பெரும்போகம் விதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விவசாயிகள் இயந்திரத்தை மறித்துவிட்டார்கள். ஒப்பந்தகாரர் பொலிஸுக்குப் போவோம் என்றிருக்கிறார். இவன், வயல்களுக்கான நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாரின் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாலை உட்கார்ந்து, எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்பதைக் கேட்டு எழுதி, வேலை ஒழுங்கையே மாற்றி, ஊருக்குள்ளே வீட்டு இணைப்புகளை முதலில் முடித்து, வயலோரத்தை அறுவடைக்குப் பின் தள்ளியிருக்கிறான். தாமதத் தண்டம் வரவில்லை, வயலும் தப்பியது.

"இதை ஏன்டா நீ எழுதயில்ல?" என்றேன். "இது என்ன மாமா, எஞ்சினியரிங்கா?" என்று திருப்பிக் கேட்டான்.

நான் 2015இல் முதன்முறை விண்ணப்பித்தபோது செய்த பிழையும் இதுவே. மூன்று கல்லூரிகளில் இரண்டு என்னை நேர்முகத்துக்கே அழைக்கவில்லை. மூன்றாவது நேர்முகத்தின் பின் மறுத்தது. விண்ணப்பத்தோடு எழுதி அனுப்ப வேண்டிய என் கட்டுரைகளில் பாலம் இருந்தது, கொங்கிறீற்று இருந்தது, நான் இல்லை. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் ஓராண்டுப் படிப்பொன்றுக்குத் தெரிவானபோது என் புள்ளிகளில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை.

கட்டுரையைவிட எங்கள் ஊரில் கடினமானது பரிந்துரைக் கடிதம். பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு கேட்கின்றன. அவற்றில் குறைந்தது ஒன்று நேரடி மேலதிகாரியிடமிருந்து வர வேண்டும் என எதிர்பார்க்கின்றன. எங்கள் அலுவலக மரபில் அதற்கு ஒரே பதில்தான்: "தம்பி, நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்." அன்பினாலும் வேலைப் பளுவினாலும் சொல்லப்படும் வார்த்தை அது, ஆனாலும் விண்ணப்பதாரி தன் கடிதத்தைத் தானே எழுதுவதைக் கல்லூரிகள் அனுமதிப்பதில்லை. மேலதிகாரிக்கு மின்னஞ்சலில் ஓர் இணைப்பு நேரடியாகப் போகும்; நீ இவனுக்குச் சொன்ன மிக முக்கியமான திருத்த ஆலோசனை என்ன, அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்ற வகைக் கேள்விகளுக்கு அவரே பதில் எழுத வேண்டும். என் முதல் முயற்சியில் ஒரு பெரியவர் எழுதியது, நேரம் தவறாதவர், பணிவானவர், நன்னடத்தை உள்ளவர் என்ற மூன்று சொற்களின் விரிவுரை. கிராம சேவையாளர் தரும் நற்சான்றிதழ் போல இருந்திருக்கும். அவரில் பிழையில்லை. அவருக்கு நான் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்க வெட்கப்பட்டான் என்று நினைக்கிறேன். ஹார்வர்டின் கற்பித்தல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 70,000 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு கோடியைத் தாண்டுகிறது, படிப்போ இரண்டு ஆண்டுகள். 2022இல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் 200இலிருந்து 350ஐத் தாண்டிய டொலரைப் பார்த்த குடும்பங்களுக்கு, ரூபாயில் சேமித்து அங்கே போகலாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஹார்வர்டும் ஸ்டான்போர்டும் உதவித்தொகையைக் குடும்பத்தின் தேவையைப் பார்த்தே தருகின்றன. களுவாஞ்சிகுடியில் ஆசிரியச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது கதவு, சுவரல்ல. இன்சியாட் பத்து மாதத்தில் முடிவதால் இழக்கும் சம்பளம் குறைவு. பிரித்தானியாவுக்கு அந்நாட்டு அரசின் செவனிங் புலமைப்பரிசில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறது, முடித்ததும் இரண்டு ஆண்டுகள் நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஹைதராபாத்தின் இந்திய வணிகக் கல்லூரியை நம்மவர்கள் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரிவதில்லை. ஓராண்டுப் படிப்பு, ஜீமெட் போதும், தூரமும் கிட்ட.

கடைசியில் வீதத்தை நான் சொல்லவில்லை, ஆண்டைச் சொன்னேன். ஹார்வர்டில் சேர்பவர்களின் சராசரி அனுபவம் ஐந்து ஆண்டுகளை அண்டியது. இவனிடம் இருப்பது இரண்டு. கம்பஸில் கடைசி ஆண்டிலேயே விண்ணப்பித்து, இடத்தை உறுதிசெய்துகொண்டு, வேலை பார்த்துவிட்டுச் சேரும் இரண்டு கூட்டல் இரண்டு வழி அங்கே இருக்கிறது. அது இவனுக்குக் கடந்துவிட்டது, ஒலுவிலிலும் பேராதனையிலும் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கடக்கவில்லை. இவன் இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுக்கட்டும், அதற்குள் ஆட்களையும் பணத்தையும் கையாளும் பொறுப்பொன்றைக் கேட்டு வாங்கட்டும் என்றேன். முகம் சற்று வாடியது. இருபத்தாறு வயதில் இரண்டு ஆண்டு நீண்டதுதான்.

போன கிழமை தொலைபேசியில் அழைத்தான். கொழும்பில் ஜீமெட்டுக்குத் திகதி எடுத்துவிட்டானாம். மேலதிகாரியிடமும் இப்போதே பேசியிருக்கிறான். "நீரே எழுதிக்கொண்டு வாரும்" என்றே அவரும் தொடங்கியிருக்கிறார். இவன் அந்த இணைப்பையும் கேள்விகளையும் விளக்கி, வயலோரக் கதையை நினைவூட்டியபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த நாளில் தான் பொலிஸுக்குப் போக நின்றதையும் எழுத வேண்டுமா என்று கேட்டாராம்.